தேங்கி நின்ற கோடு

இன்று காலை ஒரு வரைபடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எச்.ஐ.வி. தொற்றிய 9 ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1999-இல் வெளியான ஆய்வின் படம் அது. வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுப் பகுதி, தொடக்க வடிவத்திலிருந்து ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடு விலகிக்கொண்டே போகிறது. கோடு சீராக ஏறுகிறது.

நோய் முற்றும் கட்டத்தில் அது படுத்துவிடுகிறது.

உடல் தளரத் தளர வைரஸ் இன்னும் தாறுமாறாக மாறும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால், உடலின் நோயெதிர்ப்புப் படைகளான எதிர்ப்பொருள்களும் டி செல்களும் வைரஸை அடையாளம் கண்டு தாக்கும்வரைதான் தப்பிக்கும் திரிபுகளுக்கு மதிப்பு. தாக்குதல் ஓய்ந்தால் மாறவேண்டிய நெருக்கடியும் ஓய்ந்துவிடுகிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கங்களுள் ஒன்று. (எனக்கு ஏற்புடையதும் அதுவே.) படியெடுப்பில் பிழைகள் அப்போதும் நின்றபாடில்லை, அவற்றுள் நிலைப்பவைதான் குறைகின்றன.

சிலரது உடலில் இந்தத் தேக்கத்துக்கு முன்பே வைரஸ் வேறொரு வாசலைக் கண்டுகொண்டிருக்கும்: செல்லுக்குள் நுழைய அதன் மேற்பரப்பிலுள்ள சிசிஆர்5 என்ற ஏற்பியைப் பற்றுவதை விட்டு, சிஎக்ஸ்சிஆர்4 என்ற இன்னோர் ஏற்பியைப் பற்றத் தொடங்கும். அத்தகையோரிடம், வைரஸ் குறிவைக்கும் நோயெதிர்ப்பு செல்களான சிடி4 செல்களின் எண்ணிக்கை பெரும்பாலும் விரைவாகச் சரிகிறது.

கூட்டு மருந்துகள் வைரஸ் பெருகுவதையே அடக்கிவைப்பதால், இன்று முறையாகச் சிகிச்சை பெறுபவரிடம் அந்தக் கோடு ஏறுவதற்கே அநேகமாக இடமில்லை.