ஷிஃப்ட்டுக்கு நடுவே ஒரு சான்றிதழ் படிப்பு

கல்லூரியும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் லேப் டெக்னீஷியன் சான்றிதழ் படிப்பை, வேலையை விடாமலே முடித்திருக்கிறேன். நான் இருப்பது மருந்துத் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில். சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விண்ணப்பப் படிவம் எளிதுதான். இழுத்தடித்தது நிறுவனத்தின் சம்மதக் கடிதம். வகுப்பு நாளில் ஷிஃப்ட் மாற்றித் தருவோம் என்று வாய்வார்த்தையாகச் சொல்வார்கள். வேலை நெருக்கும்போது அந்தப் பேச்சு நிற்காது. என்னோடு சேர்ந்தவர்களில் சிலர் இதனாலேயே பாதியில் விலகினார்கள். நன்றாக வேலை தெரிந்தவர்கள் அவர்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. எந்த நாளில் எத்தனை மணிக்கு விடுவிப்பார்கள், அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா, கட்டணம் யாருடையது, முடித்தபின் குறிப்பிட்ட காலம் அங்கேயே இருக்க வேண்டுமா, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முன் அனுபவத்துக்குச் சில பாடங்களில் விலக்கு கிடைக்கும். ஆனால் இத்தனை வருடம் வேலை பார்த்தேன் என்றால் போதாது. எந்தெந்த எஸ்ஓபியில் (ஒரு வேலையைச் செய்யும் முறையைப் படிப்படியாக எழுதிவைத்த ஆவணம்) பயிற்சி பெற்றீர்கள், எந்தக் கருவியைத் தனியாக இயக்குகிறீர்கள் என்பதற்குக் கையெழுத்திட்ட பதிவுகள் வேண்டும். பாதுகாப்புப் பாடத்துக்கு எனக்கு விலக்கு கிடைத்தது. கேலிப்ரேஷன், அதாவது கருவி சரியாக அளக்கிறதா என்று சோதிக்கும் பாடத்துக்கும் கேட்டிருக்கலாம். கேட்காததே நல்லதாகப் போயிற்று.

ஏனென்றால் என்னை அதிகம் மாற்றியது அந்தப் பாடம்தான். எங்கள் ஆய்வகத்தில் மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோ பைப்பெட்டுகளை இந்தச் சோதனைக்கு வெளியே அனுப்புவோம், ஸ்டிக்கர் ஒட்டி வரும், அவ்வளவுதான். கல்லூரியில் அதை நாங்களே செய்தோம். 1000 மைக்ரோலிட்டர் நீரை 20 டிகிரி செல்சியஸில் எடுத்துத் தராசில் விட்டால், ஒரு கிராம் காட்டாது, சுமார் 0.9971 கிராம்தான் காட்டும். அந்த வெப்பநிலையில் நீரின் அடர்த்தி ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. காற்றின் மிதப்பு விசையும் கொஞ்சம் குறைக்கிறது. அதனால் எடையை 1.0029 என்ற காரணியால் பெருக்கித்தான் கனஅளவைச் சொல்ல வேண்டும். பத்து அளவீடுகளின் சராசரி எவ்வளவு விலகுகிறது, அவை தமக்குள் எவ்வளவு சிதறுகின்றன என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னார்கள். ஐஎஸ்ஓ 8655 தரநிலைப்படி அந்த அளவுக்கு விலகல் 8 மைக்ரோலிட்டரையும் சிதறல் 3 மைக்ரோலிட்டரையும் தாண்டக் கூடாது. சராசரி சரியாக இருந்தும் சிதறல் மோசமாக இருந்தால், கருவியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் கையையும் பார்க்க வேண்டும். பைப்பெட்டின் முனையில் மாட்டும் டிப்பை முதலில் நீரில் நனைத்துக்கொள்வது, பட்டனை ஒரே சீராக விடுவது எல்லாம் எதற்காக என்று அங்கேதான் புரிந்தது.

தொழில் துறையிலிருந்து வந்த பயிற்சியாளர்கள் எடுத்த வகுப்புகளில் சிறந்தது, வரம்பு மீறிய முடிவுகளை விசாரிப்பது பற்றியது. முடிவு வரம்பைத் தாண்டினால் உடனே மறுபடி ஓட்டிப் பார்க்கத்தான் கை போகும். அதைச் செய்யவிடவில்லை. சாம்பிள் கரைசலைக் கொட்டாதே, கணக்கைச் சரிபார், ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் ஸ்டாண்டர்டைப் பார், கருவியின் பதிவைப் பார், அப்புறம் பேசலாம் என்றார்கள். காரணம் தேடாமல் பாஸ் ஆகும்வரை திரும்பத் திரும்பச் சோதிப்பது, மருந்தை விழுங்கப்போகிறவருக்குச் செய்யும் அநியாயம். இந்த ஒரு வகுப்புக்காகவே படிப்பைப் பரிந்துரைப்பேன்.

எழுத்துத் தேர்வு சுலபம். செய்முறைத் தேர்வில், வேலை செய்யும்போதே பக்கத்தில் நின்று ‘இதை ஏன் செய்தீர்கள்?’ என்று கேட்பார்கள். கைக்குப் பழகியதை வாயால் விளக்கிப் பழக வேண்டும். பணியிடப் பயிற்சிக்கான லாக் புக்கில் சூப்பர்வைசரின் கையெழுத்தை அன்றன்றே வாங்கிவிடுங்கள். அவர் வேறு பிரிவுக்கு மாறிப்போனால் அலைச்சல்.

கடைசியில் புராஜெக்ட். நான் எடுத்தது கரைசலின் அமில, காரத் தன்மையை அளக்கும் எங்கள் பிஎச் மீட்டர். கரைசலில் முக்கும் அதன் எலக்ட்ரோடின் மின்னழுத்தம், 25 டிகிரியில் ஒரு பிஎச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் மாற வேண்டும். எலக்ட்ரோடு பழசாக ஆக இது குறையும். எங்கள் ஆய்வகத்தில் இதற்கான வரம்பு, அந்த 59.16-இல் 95 முதல் 105 சதவீதம். அதற்குள் இருந்தால் சரி என்று விட்டுவிடுவோம். பழைய பதிவுகளை எடுத்துக் கட்டுப்பாட்டு வரைபடத்தில் (அளவீடுகளை நாள் வரிசையில் வரம்புக் கோடுகளோடு காட்டும் படம்) போட்டபோது, எலக்ட்ரோடு பழுதாவதற்கு வெகு முன்பே கோடு இறங்கத் தொடங்கியது தெளிவாகத் தெரிந்தது. இப்போது அந்தச் சரிவைப் பார்த்துத்தான் புது எலக்ட்ரோடுக்குச் சொல்லிவைக்கிறோம்.

புராஜெக்ட்டுக்குப் பெரிய கருவியைத் தேட வேண்டாம். தினமும் தொல்லை தரும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான தரவு பெரும்பாலும் உங்கள் பதிவேட்டிலேயே இருக்கும். ஆனால் நிறுவனத்தின் எண்களைக் கல்லூரி அறிக்கையில் சேர்க்கத் தனி அனுமதி வேண்டும். கையெழுத்தாகி வரத் தாமதமாகும், அதனால் தலைப்பு முடிவான அன்றே கேட்டுவிடுங்கள்.