கொலுவில் நடக்கும் திருட்டு

காலாண்டு விடுமுறையும் நவராத்திரியும் சேர்ந்து வந்தால் வீட்டில் தனியாகக் கொலு எதற்கு? பிள்ளைகளே போதும். விளாச்சேரியில் வாங்கிய செட்டியார் பொம்மையின் கடையில் தினமும் திருட்டு. சின்னவன் துவரம்பருப்பை அள்ளிக்கொண்டு ஸ்டூலில் ஏறி, தசாவதாரத்துக்கு ஒவ்வொன்றாக ஊட்டிவிடுகிறான். மச்ச அவதாரத்தின் வாயில் ஒரு பருப்பு சிக்கிக்கொண்டது. ஊக்கால் நெம்பியும் வரவில்லை. போகட்டும், மீனுக்கும் பசிக்காதா?

மாமியார் மட்டும் அசரவில்லை. மரப்பாச்சி ஜோடியை எடுத்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். "செம்மரம்தானே, ஒன்றும் ஆகாது. உன் வீட்டுக்காரன் பல் முளைக்கும்போது கடித்துக்கொண்டிருந்ததே இதைத்தான்" என்கிறார். பட்டுத்துணியை விலக்கிப் பார்த்தேன். ராணியின் தோளில் பல் தடம் அப்படியே இருக்கிறது! ராஜாவுக்கு மூக்கே இல்லை. அதைப் பற்றி இவர் வாய் திறக்க மறுக்கிறார்.

மூத்தவள் இரண்டாம் வகுப்பு. இன்று சரஸ்வதி பூஜைக்குப் பாடப்புத்தகங்களோடு, இன்னும் தொடாத விடுமுறை வீட்டுப்பாட நோட்டையும் பொட்டு வைத்து அடுக்கிவிட்டாள். "பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது அம்மா." விஜயதசமி காலையில் எடுத்துப் படித்தே ஆக வேண்டும் என்று பாட்டி சொன்னதும் முகம் சுண்டிவிட்டது.

நாளை சின்னவனுக்கு வித்யாரம்பம். தாம்பாளத்து அரிசியில் 'அ' எழுதுவான் என்கிறார்கள். அரிசியை வாயில் போடாமல் இருந்தால் சரி.

கொண்டைக்கடலைச் சுண்டல் ஏராளமாக மிஞ்சியிருக்கிறது. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் தயங்காமல் பாத்திரத்தோடு வரவும்.