லீவு கிடைக்கிற வரை

நவம்பர் 30, சனி
விடிய விடிய மழை. ரப்பர் பால்வெட்டு இல்லை. ஒக்கி புயல் அடித்ததும் இதே தேதியில்தான். 2017-ல் ஒடிந்த ரப்பருக்குப் பதிலாக வைத்த கன்றுகள் அடுத்த வருடம்தான் வெட்டுக்கு வரும். எல்லையில் நின்ற அயினி மரம் மட்டும் விழாமல் இருந்திருந்தால் அண்ணனோடு பேச்சு நின்றிருக்காது. மரம் விழுந்தது காற்றில். விற்ற காசில் விழுந்தது நாங்கள்.

டிசம்பர் 1, ஞாயிறு
அம்மையைத் தனியாக விட முடியாது, அதனால் கோயிலுக்குப் பிள்ளைகள் மட்டும். மூத்தவளுக்கு ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம்: “தேவனிடத்தில் அன்புகூருகிறேனென்று ஒருவன் சொல்லியும், தன் சகோதரனைப் பகைத்தால், அவன் பொய்யன்.” வாசலில் உட்கார்ந்து அண்ணன் வீட்டைப் பார்த்தே சத்தமாகப் படிக்கிறாள். டீச்சருக்கு வேறு வசனமே கிடைக்கவில்லையா?

டிசம்பர் 3, செவ்வாய்
கோட்டாறு சவேரியார் திருவிழா. மாவட்டத்துக்கே லீவு, வீட்டுக்குள் இரண்டும் ஒரே அடிபிடி.
குவைத்தில் இருக்கிற என் மனைவி கேட்ட லீவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

டிசம்பர் 5, வியாழன்
இரண்டு மணிக்கொரு தரம் அம்மையைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முட்டுகளுக்கு நடுவே தலையணை, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் துணிச்சுருள். குவைத்திலிருந்து வீடியோவில் அவள் சொல்லச் சொல்ல நான் செய்கிறேன். இன்று துணி மாற்றும்போது மூத்தவள் சொல்லாமலே வெந்நீர்ச் செம்போடு வந்து நின்றாள். முகத்தைச் சுளிக்கவில்லை. அம்மைக்குத்தான் வெட்கம். “பிள்ளய போகச் சொல்லு மக்கா” என்றாள். பிள்ளை போகவில்லை.

எட்டு மணிக்கு ஜெபம், குவைத்தில் அப்போது ஐந்தரை. அம்மை படுத்தபடியே ஜெபிப்பாள். வரிசை மாறவே மாறாது: முதலில் அண்ணன், அப்புறம் அண்ணன் பிள்ளைகள், குவைத், தெருவில் சுகமில்லாதவர்கள், பால் எடுக்க வருகிற பையன். புரட்டிப் போடுகிற நான் கடைசி. சில நாள் அதற்குள் தூங்கிவிடுவாள். அண்ணன் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து எத்தனை நாளாச்சு என்று கேட்க வாய் வரும்; பிள்ளைகள் பக்கத்தில் கண்ணை மூடி இருக்கிறார்கள். ஜெபம் முடிந்ததும் ஒரே கேள்வி, “பிடியரிசி போட்டியா?”

போட்டேன். உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துக் கோயில் டப்பாவில் போட வேண்டும். குனிந்து நிமிர முடிந்த காலத்தில் அம்மை ஒரு நாள் விட்டதில்லை, வீட்டில் அரிசியே கடனாக வந்த நாளிலும். எனக்கு அப்போது அது கோபம். பசித்த பிள்ளைக்கு வேறு என்ன வரும்?

டிசம்பர் 8, ஞாயிறு
கேரல் வந்தது. அம்மை கட்டிலிலிருந்தே கைதட்டினாள். பையன்கள் அண்ணன் வீட்டில் ஒரு பாட்டு கூடுதலாகப் பாடினார்கள். கணக்குப் பார்க்கவில்லை. சும்மா காதில் விழுந்தது.

டிசம்பர் 10, செவ்வாய்
அரையாண்டுப் பரீட்சை. மழை.

டிசம்பர் 11, புதன்
மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும். நான் ரப்பர் ஒட்டுபால் விற்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து, அம்மை சின்னவனிடம் தூக்குச்சட்டியைக் கொடுத்து, “பெரியப்பாவுக்குக் கொண்டு குடு, பாட்டி தந்தான்னு சொல்லு” என்று அனுப்பிவிட்டாள். மைனி வாங்கிக்கொண்டாளாம். ஒன்றும் சொல்லவில்லையாம். பெரியப்பா?
“டிவி பார்த்துட்டு இருந்தாவ.”

டிசம்பர் 13, வெள்ளி
தூக்குச்சட்டி வரவில்லை.

டிசம்பர் 14, சனி
அது அவள் போன லீவில் வாங்கிய சட்டி. கேட்டால் என்ன சொல்வது? இந்தப் பக்கத்தில் யாரும் வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். ஒருவேளை உள்ளே என்ன போடுவது என்றுதான் யோசிக்கிறார்களோ. சரி, யோசிக்கட்டும்.
அம்மையின் முதுகில் சிவப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

டிசம்பர் 15, ஞாயிறு
சின்னவன் ஜெபத்தில் அம்மையின் வரிசையை அப்படியே சொன்னான். பெரியப்பா முதலில். நான் ஆமென் சொன்னேன்.

டிசம்பர் 17, செவ்வாய்
லீவு கிடைத்துவிட்டது! 23-ம் தேதி ராத்திரி திருவனந்தபுரத்தில் இறங்குகிறாள். பெட்டிகள் நிறைய. கிறிஸ்துமஸ் நேரத்தில் வாடகை வண்டி கிடைக்காது, கிடைத்தாலும் கேட்கிற காசு தர முடியாது. இந்தத் தெருவில் கார் இருப்பது அண்ணனிடம் மட்டும்தான். அம்மையிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இப்போதே சின்னவனை அனுப்பிவிடுவாள்.