கேன்சருக்குள்ள போய் உக்காந்த கேன்சர்

கேன்சர் பரவுதுன்னா லிவர், எலும்பு, நுரையீரல், மூளை, இதான் எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். ஒரே ஆளுக்கு ரெண்டு தனித்தனி கட்டி இருந்து, ஒண்ணு கிளம்பிப்போய் இன்னொண்ணுக்குள்ளயே வளர ஆரம்பிச்சா? ரொம்ப அபூர்வம், ஆனா 1902லயே பெரென்ட்னு ஒருத்தர் எழுதி வெச்சிருக்கார், தாடையில வந்த கேன்சர் கிட்னி கேன்சருக்குள்ள இருந்த கேஸ்.

அதிகமா பாக்குற ஜோடி நுரையீரலும் கிட்னியும்தான். நுரையீரல் கேன்சர் போய் கிட்னியோட கிளியர் செல் கேன்சருக்குள்ள உக்காரும். மைக்ராஸ்கோப்புக்கு அடியில வெக்கிற கட்டித் துண்டோட ஸ்லைடுல அந்த கிட்னி கட்டியோட செல் எல்லாம் உள்ள காலியா இருக்கற மாதிரி வெளுத்துத் தெரியும் (இருந்த கொழுப்பும், கிளைகோஜன்ங்கற சேமிச்சு வெச்ச சர்க்கரையும் ஸ்லைடு தயார் பண்றப்பவே கரைஞ்சு போயிருக்கும்), நடுவுல மெல்லிசா ரத்தக்குழாய் வலை, அதுக்குள்ள திடீர்னு பெரிய பெரிய நியூக்ளியஸோட சம்பந்தமே இல்லாத ஒரு கூட்டம். அவசரத்துல பாத்தா அதே கட்டிதான் ஒரு ஓரத்துல ஹை கிரேடா, அதாவது இன்னும் மோசமான ரகமா மாறிடுச்சுன்னு ரிப்போர்ட் எழுதிட்டுப் போயிடலாம், அங்கதான் வில்லங்கமே. நுரையீரல் கேன்சரை அடையாளம் காட்டுற டிடிஎஃப்-1ங்கற ஸ்டெயின் போட்டா அந்தக் கூட்டத்தோட நியூக்ளியஸ் மட்டும் பிரவுனா மாறும், சுத்தி இருக்கற கிட்னி செல் நீலமாவே நிக்கும், கிட்னி செல்லைக் காட்டுற பேக்ஸ்-8 ஸ்டெயின் போட்டா அப்படியே உல்டா. ஆபரேஷனோட முடிஞ்சிருக்கும்னு நெனச்ச கிட்னி கேஸ் இப்ப நுரையீரல் கேன்சர் நாலாவது ஸ்டேஜ், மருந்து, கீமோ எல்லாமே மாறிடும்.

ஆனா ரெண்டு கட்டியை ஒண்ணா பாத்தவுடனே இதுதான்னு சொல்லிட முடியாது. 1968ல கேம்ப்பெல் டீம் போட்ட ரூல் இருக்கு. பக்கத்து பக்கத்துல வளந்து முட்டிக்கிட்டது கணக்குல வராது, ரத்தக்குழாய்ல சும்மா மாட்டிக்கிட்டு நிக்கிற செல்லும் வராது, உள்ள நிஜமாவே வேர் விட்டு வளந்திருக்கணும்.

ஏன் கிட்னி கட்டின்னு கேட்டா உடனே ரத்த ஓட்டம் ஜாஸ்திம்பாங்க. எனக்கு அது பத்தல. நல்லா இருக்கற கிட்னிக்கே இதயம் அனுப்புற ரத்தத்துல அஞ்சுல ஒரு பங்கு போகுது, அப்ப அங்கயும் இதே அளவுக்கு முளைச்சிருக்கணுமே? ரத்தம் கொண்டுவந்து விடும், அவ்ளோதான், தங்கறதுக்கு வேற ஏதோ வேணும். அந்தக் கட்டியில இருக்கற கொழுப்பு, கிளைகோஜன், வருஷக்கணக்கா மெதுவா வளர்ற குணம், இதெல்லாம் சேர்ந்துதான்னு தோணுது. 1889லயே ஸ்டீஃபன் பேஜட் 735 மார்பகப் புற்றுநோய் கேஸ்களோட பிரேதப் பரிசோதனை ரெக்கார்டை அலசிட்டு, விதை (கேன்சர் செல்) மட்டும் போதாது, மண்ணும் (அது போய் விழற இடம்) ஒத்துவரணும்னு சொல்லிட்டார்.

கேன்சர் இல்லாத சாதாரணக் கட்டியில, இப்படி வேற கேன்சருக்கு முக்கியமா இடம் குடுக்கறது மெனிஞ்சியோமா, மூளையைச் சுத்தி இருக்கற உறையில வர்றது. பெண்களுக்குத்தான் அதிகம், நிறைய மெனிஞ்சியோமால புரொஜெஸ்ட்ரான்ங்கற பெண் ஹார்மோனைப் பிடிச்சுக்கற ரிசெப்டர் இருக்கும், மார்பகக் கேன்சர் அதுக்குள்ள போறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க. பிரச்சனை என்னன்னா எம்ஆர்ஐல பாத்து இதைப் பிரிச்சு சொல்றது ரொம்பக் கஷ்டம். அதனால மார்பகக் கேன்சருக்கு ட்ரீட்மென்ட் எடுத்தவங்களுக்கு, சும்மா இருக்கட்டும்னு விட்டுவெச்ச சின்ன மெனிஞ்சியோமா திடுதிப்புனு பெருசாச்சுன்னா, சுத்தி வீக்கமும் வந்துச்சுன்னா, டாக்டர்கிட்ட பழைய கேன்சரை ஞாபகப்படுத்துங்க. ஆபரேஷன் பண்ணா லேபுக்குப் போற ஃபார்ம்லயும் அதை எழுதச் சொல்லுங்க, வேற ஆஸ்பத்திரின்னா பழைய ஸ்லைடு, பிளாக் (மெழுகுல பதிச்சு வெச்ச கட்டித் துண்டு) ரெண்டையும் கேட்டு வாங்கிக் குடுத்துடுங்க.