எஸ்கேப் பினாங்குக்குத் தனியா போறவங்களுக்கு

கூட்டாளி கிடைக்கலைன்னு தள்ளிப்போடாதீங்க. மலேசியாவுல பினாங்குத் தீவின் தெலுக் பஹாங்ல இருக்கிற எஸ்கேப் சாகசப் பூங்கா தனி ஆளுக்கே ஏத்த இடம். விளையாட்டுல நிறைய ஒத்தை ஆளா செய்யறதுதான்.

ஜார்ஜ் டவுன்ல கொம்தார் பஸ் நிலையத்துல 101 பஸ் ஏறுங்க. டிரைவர் மிச்சக் காசு தரமாட்டார், சில்லறை சரியா வச்சுக்குங்க. வழியில வர்ற பத்து ஃபெரிங்கி ஊர்ச் சாலை குறுகல், ஒரு லாரி நின்னாலும் எல்லாம் நின்னுடும். கேட் 10 மணிக்குத் திறக்குது, பசியாறிட்டு 8.30க்கே ஏறிடுங்க.

உள்ளே நுழைஞ்சதும் நேரா நீளத் தண்ணிச் சறுக்குக்குப் போங்க. 1,111 மீட்டர், 2019ல கின்னஸ் சாதனை. மேலே போக நாற்காலி லிஃப்ட், கீழே வர ஏறக்குறைய 4 நிமிஷம். ஒருத்தருக்கும் அடுத்தவருக்கும் இடைவெளி விட்டுத்தான் அனுப்ப முடியும், அதனால சின்ன வரிசைகூட நத்தை மாதிரி நகரும். மத்தியானம் இடி மின்னல் வந்தா லிஃப்டையும் நிறுத்திடுவாங்க. அடிவயிறு கலங்குற வேகத்தை எதிர்பார்க்காதீங்க. சுத்திலும் காடு, மிதந்து வர்றதுதான் சுகம். ஒல்லியா இருக்கறவங்க வளைவுல மெதுவாகிடலாம், மிதவையில நல்லா சாஞ்சு படுத்துக்குங்க.

ஜீன்ஸ் வேணவே வேணாம். நனைஞ்சா கனக்கும், ஜிப்பும் உலோகப் பொத்தானும் சறுக்கைக் கீறிடும். மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்க.

பை பார்த்துக்க ஆள் இல்லையே, லாக்கர் எடுத்துடுங்க. கயிறும் மரக்கட்டையும் பிடிச்சு ஏறிக் கடக்கற கயிறு ஏற்றத்துக்கு மாத்து உடுப்பும் காலை மூடற காய்ஞ்ச சப்பாத்தும் தனியா வேணும். ஈரச் சப்பாத்து மரக்கட்டையில வழுக்கும். செப்டம்பர், அக்டோபர்ல மழை அதிகம், அப்போ போறவங்க கயிறு ஏற்றத்தையும் மத்தியானத்துக்கு முன்னாடியே முடிச்சுடுங்க.