பீப் சத்தம் வராத நாள்

போன மாதம் மட்டக்களப்பில் ஊருக்கு வந்திருந்தபோது ஒரு பின்னேரம், மாமா வாவிக்கரையில் வீச்சுவலையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். திமிலைதீவு விமானத்தளப் பக்கமிருந்து ஒரு சின்னப் பிளேன் எழும்பிக் கல்லடிப் பக்கம் போனது. அதை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மருமகன், நீ ஒஸ்ரேலியாவில பறக்கிற இடத்தில டவரே இல்லையாமே? உங்கட மாமி சொன்னா. மறுகா யாரு இறங்கச் சொல்லுற?"

யாரும் சொல்வதில்லை. மாமாவுக்கு அது பிடிபடவில்லை. எனக்கும் முதல் மாதம் பிடிபடவில்லைதான்.

அங்கே நாட்டுப்புற விமானத்தளங்கள் பெரும்பாலும் அப்படித்தான். ஒரு ஓடுபாதை, காற்றின் திசை காட்ட ஒரு காற்றுப்பை, பெற்றோல் பம்ப் ஒன்று. கட்டளையிட ஆளில்லை. எல்லாரும் ஒரே அலைவரிசையைத் திறந்து வைத்துக்கொண்டு, தான் எங்கே நிற்கிறேன், என்ன செய்யப் போகிறேன் என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அது அனுமதி கேட்பதல்ல, வெறும் அறிவிப்பு. பத்து மைலுக்கு முன்னாலேயே தொடங்கிவிடுவோம். நான் ஓட்டும் செஸ்னா 172 என்ற சின்னப் பிளேனில் வருவதுபோல, மாமாவுக்கு நம்மட ஊரை வைத்தே சொல்லிக் காட்டினேன்: "திமிலைதீவு ட்ராஃபிக், செஸ்னா 172, செங்கலடிக்கு மேல, 2500 அடி, இறங்க வாறன், திமிலைதீவு."

"ஊர்ப்பேரை ஏன் ரெண்டு தரம் சொல்லுற?"

நல்ல கேள்வி. தனி அலைவரிசை ஒதுக்காத தளங்களுக்கெல்லாம் அங்கே 126.7 மெகாஹேர்ட்ஸ்தான். மேலே ஏறினால் தூரத்து ஊர்க்காரர்களின் குரலும் சேர்ந்தே கேட்கும். முதல் தரம் சொன்ன ஊர்ப்பெயரை இரைச்சல் விழுங்கினாலும் கடைசியில் சொல்வது காதில் விழும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் மைக்கை அமத்தினால் இரண்டும் போய்விடும். கீச்சென்று ஒரு சத்தம்தான் மிஞ்சும்.

இதில் உள்ள ஆபத்துக்கு நான் எப்போதும் நினைப்பது அமெரிக்காவில் இலினோய் மாநிலத்தின் குவின்சி தளத்தை. 1996 நவம்பர் 19. பயணிகள் விமானமொன்று இறங்க வந்தது. குறுக்கே வெட்டும் இன்னொரு ஓடுபாதையின் தொடக்கத்தில் கிங் எயார் என்ற வகை விமானமொன்று, அதற்குப் பின்னால் செரோக்கி என்ற சின்னப் பிளேன் ஒன்று. "கிங் எயார், நிற்கப் போறீங்களா, எழும்பப் போறீங்களா?" என்று இறங்க வந்தவர்கள் கேட்டார்கள். கிங் எயார் வாய் திறக்கவில்லை. செரோக்கிக்காரர்தான், தான் காத்து நிற்பதாகச் சொன்னார். அவர் பேச்சின் நடுவில், இறங்க வந்தவர்களின் கொக்பிட்டில் உயரத்தை அடியில் சொல்லும் எச்சரிக்கைக் கருவி "இருநூறு" என்று கத்திவிட்டது. பேசியது கிங் எயார் என்று நம்பி இறங்கினார்கள். இரண்டும் சந்தியில் மோதின. 14 பேர் போனார்கள். மோதலில் தப்பினவர்கள்கூடக் கதவைத் திறக்க முடியாமல் புகையில் செத்ததுதான் என்னால் தாங்க முடியாதது.

மாமா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ராவையில தோணி எதிர்ல வந்தா நாங்க கூக்காட்டுவம்," என்றார். "மறுமொழி வரல்லன்னா ஆளில்லண்டா அர்த்தம்? தோணிக்குள்ள நித்திரை கொள்ளுறவனும் இருப்பானே."

அப்போதுதான் என் கதையைச் சொன்னேன். மாமிக்குச் சொல்லக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு.

லைசன்ஸ் எடுத்துச் சில மாதங்கள்தான். எங்கள் தளத்துக்கு 126.7. நான் போனது தனி அலைவரிசை உள்ள வேறொரு ஊருக்கு. அங்கே ஒரு கருவி உண்டு: நீங்கள் சரியான அலைவரிசையில் பேசி முடித்தால் "பீப்" என்று பதில் கொடுக்கும், அதற்குமுன் ஐந்து நிமிடமாக யாரும் பேசாதிருந்தால் பீப்புக்குப் பதிலாக ஊர்ப்பெயரையே குரலில் சொல்லும். நான் பத்து மைலில் சொன்னேன், ஓடுபாதைக்குச் சமாந்தரமாகப் பறக்கையில் சொன்னேன், இடப்பக்கம் திரும்பியும் சொன்னேன். பீப் வரவில்லை. வராத சத்தத்தை யார் கவனிப்பது? றேடியோவில் வேறு யார் யாரோ பேசிக்கொண்டிருந்ததால் எல்லாம் சரி என்ற நினைப்பு.

ஓடுபாதைக்கு நேராகக் கடைசித் திருப்பம் எடுக்குமுன் வலது சிறகைக் கொஞ்சம் தூக்கிப் பார் என்று என் பயிற்சியாளர் சொல்லிச் சொல்லியே பழக்கியிருந்தார். செஸ்னாவின் சிறகு தலைக்கு மேலே, அது மறைக்கும். தூக்கினேன். என் உயரத்திலேயே ஒரு பைப்பர் பிளேன், முன்விளக்கு எரிய, தூரத்திலிருந்து நேரே ஓடுபாதையை நோக்கி வந்துகொண்டிருந்தது. இறங்குவதற்காக ஓடுபாதையைச் சுற்றிப் பறக்கும் சுற்றுக்குள் இருந்த எனக்குத்தான் அவர் வழிவிட வேண்டும். ஆனால் நான் இருப்பதே அவருக்குத் தெரியாதே!

"மறுகா?"

வலப்பக்கம் கிறுகி, அவர் முன்னால் போகவிட்டு, பின்னால் கடந்து மேலே ஏறினேன். இன்னொரு சுற்று. கால் நடுங்கியது இறங்கின பிறகுதான்.

"அந்தாள் ஏசினவரா?"

இல்லை. எழுபது வயதிருக்கும். மெதுவாக நடந்து வந்து, நான் இருக்கையில் இருக்கும்போதே கதவுக்குள் தலையை விட்டு றேடியோவைப் பார்த்தார். அந்த ஊர் அலைவரிசை வலப்பக்கக் கட்டத்தில் அப்படியே காத்திருந்தது. இடப்பக்கக் கட்டத்தில் 126.7. நடுவிலுள்ள மாற்றும் பொத்தானை நான் அமத்தவேயில்லை. ஒரு சொல்லும் சொல்லாமல் விரலை நீட்டி அவரே அமத்தினார். இலக்கங்கள் இடம் மாறின. ஒரு பெண் குரல், வடக்கே பத்து மைலில், இறங்க வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் முடித்ததும், பீப்.