‘முத்துலட்சும’ டோக்கனும் என் முதல் மாநாட்டுப் பேச்சும்

தொழில்நுட்ப மாநாடுகளில் யாரும் கூப்பிட்டுப் பேசச் சொல்வதில்லை. முன்னணிப் பேச்சாளர்கள் ஒரு சிலரைத் தவிர எல்லோரும் விண்ணப்பம் போட்டுத்தான் மேடைக்கு வருகிறார்கள். இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. நான் கோவையில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். பைத்தான் என்ற நிரல்மொழிக்காக நடக்கும் மாநாட்டில் பேசுகிறவர்கள் எல்லாம் பெரிய கம்பெனிகளில் இருப்பவர்கள் என்றே நினைத்திருந்தேன். எங்கள் டீமில் மூத்தவரான அண்ணாதான், “நீ டோக்கன் பிரச்சினைய சரி பண்ணுனியே, அதையே எழுதிப் போடு. வந்தா வருது, இல்லைன்னா என்ன போச்சு?” என்றார்.

அது என்ன பிரச்சினை என்று சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் நோயாளிக்குக் கொடுக்கும் டோக்கன் சீட்டில் பெயருக்குப் பன்னிரண்டு இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். ‘முத்துலட்சுமி’ என்ற பெயர் ‘முத்துலட்சும’ என்று அச்சாகி வந்தது. கண்ணால் எண்ணினால் ஏழு எழுத்துதான். ஆனால் எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடில் மெய்க்கான புள்ளி, உகரக் குறி, இகரக் குறி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். மொத்தம் பதின்மூன்று. பன்னிரண்டோடு வெட்டினால் கடைசி இகரக் குறி விழுந்துவிடும்.

விண்ணப்பம் என்பது தலைப்பு, சுருக்கம், நிமிடக் கணக்கோடு ஒரு வரைவு, கேட்பவருக்கு என்ன முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்ற குறிப்பு, பேசுபவரைப் பற்றி நாலு வரி. நான் போட்டது ‘இந்திய மொழிகளும் யூனிகோடும்’ என்ற மாதிரி ஒரு தலைப்பு. முதல் சுற்றில் பெயரை மறைத்துவிட்டுப் படிப்பார்களாம். தேர்வுக் குழுவில் ஒருவர் இப்படிக் குறிப்பு எழுதியிருந்தார்: இது ஒரு செமஸ்டர் பாடம், அரை மணி நேரத்தில் கேட்பவர் எதை எடுத்துக்கொண்டு போவார்? அந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் என் பேச்சே உருவானது. வரலாறு, பழைய எழுத்துரு முறைகள், தட்டச்சு என்று போட்டிருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, டோக்கனை மட்டும் வைத்துக்கொண்டேன். தேர்வாகிவிட்டது.

அடுத்த தலைவலி, அரங்கில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது. ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு பைத்தான் நீளம் ஐந்து என்று சொன்னால் நமக்குச் சிரிப்பு வரும், அவர்களுக்கு வராது. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் வண்ணக் கட்டங்களாக வரைந்தேன். மேல் வரிசையில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக்கு ஒரு கட்டம், கீழ் வரிசையில் கணினி எண்ணுகிற குறியீட்டுக்கு ஒரு கட்டம். மூன்றுக்குக் கீழே ஐந்து. பக்கத்திலேயே ஹிந்தி ‘நமஸ்தே’, அங்கே கீழே ஆறு. மொழி தெரியாதவர்களுக்கும் இது புரிந்தது. ஒரு சொல்லைத் திருப்பிப் போடும் சாதாரணப் பயிற்சியையும் சேர்த்தேன். ‘தமிழ்’ திரும்பினால் ஒட்ட இடமில்லாத ஒரு புள்ளி முன்னால் வந்து, பின்னால் ‘ழிமத’ என்று நிற்கும்.

ஒத்திகைக்குச் சென்னையில் பைத்தான்காரர்கள் மாதாமாதம் கூடும் சென்னைபை கூட்டத்தில் பேசிப் பார்த்தேன். அங்கே ஒருவர், “ஸ்லைடைப் படிக்காதீங்க, நாங்களே படிச்சுப்போம்” என்று நேராகச் சொன்னார். நல்ல மனுஷன். இன்னொன்றும் அங்கே தெரிந்தது: கட்டளைகளைத் தட்டி ஓட்டும் டெர்மினல் திரையில் தமிழ் ஒழுங்காக வராது. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கொடுக்கும் எழுத்துருவில் கொம்பும் காலும் இடம் மாறி, புள்ளி வட்டங்களாகத் தெரியும். மேடையில் நேரடியாக ஓட்டிக்காட்டும் ஆசையை அதோடு விட்டேன். முன்பே ஓட்டி, படம் பிடித்து, பெரிதாக்கி ஸ்லைடில் வைத்தேன்.

ஆங்கிலம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்வது எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு வரி விட்டால் மீதி எல்லாம் போய்விடுகிறது. முதல் இரண்டு நிமிடத்தையும் ஒவ்வொரு ஸ்லைடின் முதல் வாக்கியத்தையும் மட்டும் வாய்க்குப் பழக்கிக்கொண்டேன். மீதி தானாக வந்தது, இலக்கணப் பிழையோடு. யாரும் கண்டுகொள்ளவில்லை.

பேச்சாளருக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, பயணம் நம் செலவு. கோவையிலிருந்து விடிகாலை உதய் எக்ஸ்பிரஸ் பிடித்து பெங்களூர் போனேன்.

யாரும் சொல்லித்தராத ஒரு விஷயம், காலர் மைக். அதன் ஒயர் ஒரு சின்னப் பெட்டியில் போய் முடியும். அதை இடுப்பு பெல்ட்டிலோ பாக்கெட்டிலோ மாட்ட வேண்டும். சுடிதாரில் இரண்டும் இல்லை. தன்னார்வலப் பையன் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான். துப்பட்டா உரசினால் அரங்கம் முழுக்கக் கரகரவென்று சத்தம் வேறு. கடைசியில் கை மைக் வாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் ஸ்லைடை நகர்த்தினேன். பெண்கள் யாராவது பேசப் போவதாக இருந்தால் பாக்கெட் வைத்த குர்தி போட்டுக்கொண்டு போங்கள், துப்பட்டா வேண்டாம். மடிக்கணினியை புரொஜெக்டரோடு இணைக்கும் எச்டிஎம்ஐ அடாப்டரும் சொந்தமாக இருக்கட்டும்.

பேச்சில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தது நான் பெரிதாக நினைக்காத ஓர் இடத்தில். சொற்களைப் பிரித்தெடுக்க வழக்கமாக எழுதுகிற ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற தேடல் வாய்பாடு, பைத்தானோடு வரும் மாட்யூலில் (தயார் நிரல் தொகுப்பில்) ‘தமிழ்’ என்பதை ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாக்கிவிடும். உயிர்க்குறியையும் புள்ளியையும் அது எழுத்தாகவே மதிப்பதில்லை. ‘ரெஜெக்ஸ்’ என்ற தனி மாட்யூலை நிறுவிக்கொண்டால் சொல் உடையாது, கண்ணுக்குத் தெரியும் எழுத்து எழுத்தாகவும் பிரித்துத் தரும். முன்வரிசையில் பல பேர் மடிக்கணினியைத் திறந்து அங்கேயே ஓட்டிப் பார்த்தார்கள். எனக்கு அதைவிட வேறு கைதட்டல் வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் ‘கோபால்’. ‘கோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இம்மி வித்தியாசம் தெரியாது, ஆனால் கணினிக்கு இரண்டும் வேறு பெயர். நோயாளியின் பழைய பதிவைத் தேடினால் கிடைக்காது. சேமிக்கும் முன்பு என்எஃப்சி என்ற யூனிகோடின் சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். இதைச் சொல்லி முடிக்கும்போது ‘ஐந்து நிமிடம்’ அட்டையைக் காட்டினார்கள்.

கேள்வி நேரத்துக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. முதல் கேள்வியே, “க்ஷ ஒரு எழுத்தா, இரண்டா?” ரெஜெக்ஸ் இரண்டு என்று சொல்லும், திரையில் ஒன்றாகத் தெரியும், டோக்கன் சீட்டில் எப்படி எண்ணுவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும் என்றேன். இன்னொருவர் வேகம் எவ்வளவு குறையும் என்று கேட்டார். நான் அளந்து பார்த்ததில்லை, அதையே சொன்னேன். ‘தெரியாது’ என்று மேடையில் சொல்வதற்கு இவ்வளவு பயந்திருக்க வேண்டியதில்லை.

வெளியே வந்ததும் கொச்சியில் நூலகப் பட்டியல் மென்பொருள் செய்கிற ஒருவர் பிடித்துக்கொண்டார். மலையாளத்தில் உயிர் சேராமல் தனியே நிற்கும் மெய்களான சில்லு எழுத்துகளுக்கு 2008-இல் வந்த யூனிகோட் 5.1-இல்தான் தனிக் குறியீடு கொடுத்தார்கள். அதற்கு முந்தைய பதிவுகள் எல்லாம் மெய், சந்திரக்கலை (நம் புள்ளி மாதிரி), கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் என்று கிடக்கின்றன. என்எஃப்சி போட்டாலும் இவை ஒன்றாகாது. தனியாக ஒரு மாற்று அட்டவணை எழுத வேண்டும். ப்ளக் பாயின்ட் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவருடைய கோப்பைத் திறந்தோம். மதியச் சாப்பாட்டுக்குள் அட்டவணையில் முக்கால்வாசி முடிந்தது, மீதியை அவர் ஊருக்குப் போய் அனுப்பினார்.